30க்கு 40 சைட் வீட்டுல மழைத்தண்ணிய பிடிக்கறது எப்படி: பெங்களூர்ல சொந்த வீடு வெச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்கு

2024 மார்ச்ல எங்க ராமமூர்த்தி நகர் தெருவுல விடியகாலை 5 மணிக்கு டேங்கர் சத்தம் கேட்டா தான் வீட்டுக்கு வீடு லைட் எரியும். எங்க போர் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே காத்து தள்ள ஆரம்பிச்சுடுச்சு, காவேரி வாரத்துக்கு ரெண்டு நாள், அதுவும் வந்தா வந்துச்சு. ஏப்ரல் 28ம் தேதி 38.5 டிகிரி, கடல் மட்டத்துல இருந்து 920 மீட்டர் மேல இருக்கற, ஃபேனே வேணாம்னு பேர் வாங்கின இந்த ஊர்ல. அப்புறம் ஜூன் 2ம் தேதி சாயங்காலம் வானம் பிச்சுக்கிட்டு ஊத்துச்சு, ஒரே நாள்ல 111 மில்லிமீட்டர், ஜூன் மாசத்துல ஒரு நாள்ல அவ்வளவு பெஞ்சது 133 வருஷத்துல அதுதான் முதல் தடவை. அன்னைக்கு எங்கப்பா மாடிப்படியில நின்னுக்கிட்டு மொட்டை மாடி பைப்புல இருந்து தண்ணி கொட்டி வாசல் வழியா ரோட்டுக்கு ஓடறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு, "ரெண்டு டேங்கர் தண்ணி போகுதும்மா"ன்னு சொன்னாரு. மறுநாள் கணக்கு போட்டேன், அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. அந்த வருஷமே வேலைய ஆரம்பிச்சு முடிச்சோம். செஞ்சதுல எது சரியா வந்துச்சு எது தப்பா போச்சுன்னு எல்லாம் இதுல எழுதறேன், உங்க வீட்டுல செய்யறதுக்கு உதவும்.

முதல்ல இது ஏன் இப்ப அவசரம்னு ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு எரிச்சு எரிச்சு காத்துல கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம்ல (அதாவது பத்து லட்சத்துல 280 பங்கு) இருந்து 420க்கு மேல போயிடுச்சு, அது போர்வை மாதிரி சூட்ட வெளிய விடாம பிடிச்சு வெக்குது. 2024ல உலக சராசரி வெப்பம் தொழிற்சாலைங்க வர்றதுக்கு முந்தின காலத்த விட ஒன்றரை டிகிரி தாண்டிடுச்சு. காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், அதனால மழை சீரா தூறாம நாள்கணக்குல காய விட்டுட்டு ஒரேடியா கொட்டற நாள் அதிகமாகுது. இது மேல பசிபிக் கடல் சூடாகி நம்ம பருவமழைய குறைக்கற எல் நினோ வேற, 2023ல கர்நாடகால 236 தாலுக்கால 223 வறட்சின்னு அறிவிச்சாங்க. ஆனா எல்லாத்தையும் வானிலை தலையில போடறது நியாயம் இல்ல. ஏரிகள ரொப்பி லேஅவுட் போட்டதும், வீட்டு வாசல் வரைக்கும் கான்கிரீட் போட்டதும் நாம தான். 2024 மார்ச்ல அரசாங்கம் சொன்ன கணக்குப்படி நகரத்துல அவங்க போட்ட 13,900 போர்ல சுமார் 6,900 வேலை செய்யல. அதே ஊர்ல தான் 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோடுல டிராக்டர்ல ஏறி ஆபீஸ் போனாங்க. பஞ்சமும் வெள்ளமும் ரெண்டும் வேற வேற பிரச்சனை இல்லீங்க, மழை இறங்கறதுக்கு இடம் இல்லாததால வர்றது தான் ரெண்டும்.

இன்னொரு விஷயம் பல பேர் யோசிக்கறதில்ல. காவேரி தண்ணி நம்ம குழாய்க்கு தானா வர்றதில்ல. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொறெகாடனஹள்ளியில ஆரம்பிச்சு, ஹாரோஹள்ளி, தாதகுணின்னு மூணு இடத்துல பம்ப் பண்ணி பல நூறு மீட்டர் மேல ஏத்தி கொண்டு வர்றாங்க. 2024 அக்டோபர்ல அஞ்சாவது கட்டம் திறந்து தினம் 77.5 கோடி லிட்டர் கூடுதலா வர்றதுக்கு வழி பண்ணியிருக்காங்க, நல்ல விஷயம் தான், ஆனா ஒவ்வொரு லிட்டருக்கும் கரண்ட் செலவாகுது. மொட்டை மாடி தண்ணி சம்புக்கு இறங்க கரண்டே வேணாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

பிளம்பர கூப்பிடறதுக்கு முன்னாடி டேப் எடுத்து மொட்டை மாடிய அளந்துடுங்க. 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 1 லிட்டர், இவ்வளவு தான் சூத்திரம். 30க்கு 40 சைட்ல மாடி சுமாரா 1000 சதுர அடி வரும், அதாவது 93 சதுர மீட்டர். பெங்களூர்ல வருஷத்துக்கு சராசரியா 970 மில்லிமீட்டர்னு வெச்சா 90,000 லிட்டர். ஆவியாகி, தெறிச்சு, முதல் தண்ணி வீணாகி போக 80 சதவீதம் கிடைச்சா 72,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் 12. நாலு பேர் இருக்கற வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர்னு போட்டா நாலு மாசத்துக்கு மேல ஓடும். ஜூன் 2ம் தேதி மாதிரி ஒரு நாள்னா அன்னைக்கே 10,000 லிட்டருக்கு மேல. இந்த கடைசி நம்பர் தான் முக்கியம், ஏன்னா நம்ம வீட்டு சம்ப் பெரும்பாலும் 6,000, 8,000 லிட்டர், அதுலயும் பாதி ஏற்கனவே தண்ணி இருக்கும். வருஷ சராசரிய பாத்து மட்டும் பிளான் போட்டா இப்ப பெய்யற மழைக்கு பத்தாது. சம்புக்கு கொஞ்சம், மிச்சம் பூமிக்குள்ள போற மாதிரி ரெண்டு வழியும் வேணும்.

அடுத்தது மாடில இருந்து இறங்கற பைப் இப்ப எங்க போகுதுன்னு கண்டுபிடிங்க. இத யாருமே பாக்கறதில்ல. ஒரு பக்கெட் தண்ணியில ரெண்டு ஸ்பூன் மஞ்சள் கரைச்சு மாடி ஓட்டைல ஊத்துங்க, கீழ ஒருத்தர் சேம்பர் மூடிய திறந்து வெச்சுக்கிட்டு நிக்கட்டும். எங்க வீட்டுல கக்கூஸ் லைன் சேம்பர்ல மஞ்சள் தண்ணி வந்துச்சு! 20 வருஷமா மழைத்தண்ணி பாதாள சாக்கடைக்கு போயிருக்கு, வீடு கட்டினவங்க அவங்களுக்கு சுலபமா இருக்குன்னு அதுல சேத்து விட்டுட்டாங்க. பெரிய மழைன்னா எங்க தெரு மேன்ஹோல் பொங்கி நாத்தம் தாங்காது, கீழ் வீட்டு பாத்ரூம்ல எதுக்களிச்சு வரும், நாங்க எல்லாரும் கார்ப்பரேஷனத் தான் திட்டுவோம். எங்க மாடித்தண்ணியும் அதுல ஒரு பங்குன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. பாதாள சாக்கடை குழாய் வீட்டுக் கழிவுக்கு மட்டும் அளவெடுத்து போட்டது, மழைத்தண்ணி தாங்காது. நீங்க வேற எதுவுமே செய்யலன்னாலும் இந்த இணைப்ப மட்டும் வெட்டி மழைத்தண்ணி ஓடற காலுவேக்கு திருப்பி விடுங்க, தெருவுக்கே புண்ணியம்.

மாடி சுத்தம் சொல்ல வேண்டியதில்ல. புறா எச்சம், இலை, துவைக்கற சோப்பு தண்ணி இதெல்லாம் மாடில இருந்தா மழைத்தண்ணி சம்புக்கு வரக்கூடாது. ஓட்டை வாயில சல்லடை போடுங்க, மாடில தண்ணி தேங்கற பள்ளம் இருந்தா சிமெண்ட் பூசி சரிவு பண்ணிடுங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல விழற தண்ணிய மட்டும் சம்புல சேக்காதீங்க.

முதல் மழைத்தண்ணிய தனியா ஒதுக்கறது பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், நாங்க ஏமாந்தது இங்க தான். மாடில படிஞ்ச தூசியெல்லாம் முதல் 2 மில்லிமீட்டர் மழையில தான் கழுவிக்கிட்டு வரும். கடைக்காரர் 4 இஞ்ச் பைப்புல 3 அடி நீளத்துக்கு ஒரு மூடி போட்ட துண்டு கொடுத்து, முதல் தண்ணி இதுல நின்னுடும், அப்புறம் நல்ல தண்ணி போகும்னாரு. நம்பி மாட்டினோம். முதல் மழைக்கு மறுநாள் சம்ப் மூடிய திறந்தா டீ கலர்ல தண்ணி, மேல ஒரு பாசி வாடை, சம்ப் முழுக்க இறைச்சு கழுவினோம், தண்ணி கஷ்டத்துல இருந்த நேரத்துல அவ்வளவு தண்ணிய கீழ கொட்டும்போது அம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் தான் கணக்கு போட்டு பாத்தேன். 4 இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு சுமார் 8 லிட்டர் தான் பிடிக்கும், அந்த 3 அடி துண்டுல 7 லிட்டர். எங்க மாடிக்கு ஒதுக்க வேண்டியது 93 சதுர மீட்டர் பெருக்கல் 2 மில்லிமீட்டர், 186 லிட்டர்! அதனால ஒரு 200 லிட்டர் டிரம் தனியா வெச்சு முதல் தண்ணி அதுல ரொம்பற மாதிரி, ரொம்பின பிறகு ஃபில்டருக்கு போற மாதிரி பண்ணினோம். டிரம் அடியில ஒரு சின்ன குழாய், மழை விட்டதும் திறந்து செடிக்கு விட்டுடறது. இடம் இல்லாதவங்க பைப் அடியில ஒரு வால்வு போட்டு முதல் பத்து நிமிஷம் மழைய வெளிய விட்டுட்டு மூடலாம், ஆனா அதுக்கு வீட்டுல ஆள் இருக்கணும், மழை பாதி நாள் நாம ஆபீஸ்ல இருக்கும்போது தான் வருது.

ஃபில்டர் வீட்டுலயே பண்ணிக்கலாம். நீல கலர் 200 லிட்டர் டிரம் இன்னொண்ணு, அடியில 40 எம்எம் ஜல்லி, அதுக்கு மேல 20 எம்எம் ஜல்லி, அதுக்கு மேல அடுப்புக்கரி, எல்லாத்துக்கும் மேல கழுவின மணல், ஒவ்வொரு அடுக்குக்கு நடுவுலயும் நர்சரில கிடைக்கற பச்சை ஷேட் நெட் வட்டமா வெட்டி போடணும். ஜல்லிய, மணல தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவுங்க, கல்ல உடைச்சு செய்யற எம்-சாண்ட்னா இன்னும் ரெண்டு தடவை கழுவுங்க, அதுல மாவு நிறைய. இங்கயும் ஒரு கணக்கு இருக்கு. மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்துல மழை கொட்டினா 1000 சதுர அடி மாடில இருந்து நிமிஷத்துக்கு 90 லிட்டர் இறங்கும். மணல் டிரம் அந்த வேகத்துக்கு தண்ணி விடாது, மேல பொங்கிடும். அதனால டிரம் வாய்க்கு பக்கத்துல ஒரு 4 இஞ்ச் ஓவர்ஃப்ளோ பைப் வெச்சு அத நேரா மழைத்தண்ணிய பூமிக்குள்ள இறக்கற கிணத்துக்கு விடுங்க, அந்த கிணறு பத்தி அடுத்து சொல்றேன். கிணத்துக்கு போறதும் தெளிவா இருக்கணும்னா நடுவுல ஒரு சின்ன வண்டல் தொட்டி, அடிக்கடி அள்ளி எடுக்கற மாதிரி.

கிணறுன்னதும் பெரிசா நினைக்க வேணாம். 3 அடி அகலம், 20 அடி ஆழம், உறை இறக்கின கிணறு, நம்ம ஊர் உறைகிணறு தான், ஆனா இது தண்ணி எடுக்க இல்ல, கொடுக்க. இந்த அளவு கிணத்துல ஒரு நேரத்துல சுமார் 4,000 லிட்டர் நிக்கும், 4 அடி அகலம் பண்ணா 7,000. இடம் இருந்தா 4 அடி போங்க, இப்ப மழை பெய்யற விதத்துக்கு அந்த ஒரு அடி ரொம்ப உதவும். உறைக்கு நடுவுல சிமெண்ட் பூசக்கூடாது, அடியில கான்கிரீட் போடவே கூடாது, ஒரு அடிக்கு ஜல்லி மட்டும். உறைக்கு வெளிப்பக்கமும் ஜல்லி. மூடி பலமா இருக்கணும், இரும்பு கம்பி கிரில்லும் அதுக்கு மேல கொசு வலையும், குழந்தைங்க இருக்கற வீடு.

வெட்டறதுக்கு ஜேசிபி வேணாம். இந்த ஊர்ல மண்ணு வட்டர்னு சொல்ற சமூகத்து ஆளுங்க தலைமுறை தலைமுறையா கிணறு வெட்டறவங்க, போர் வந்த பிறகு வேலை இல்லாம இருந்தவங்களுக்கு இந்த மழைநீர் கிணறுங்க திரும்ப தொழில் கொடுத்திருக்கு. எங்க வீட்டுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க. கடப்பாரை, கைப்பிடி குட்டையான ஒரு மம்பட்டி, கயிறு, பக்கெட், இவ்வளவு தான். முதல் ஆறு அடி செம்மண்ணு, அப்புறம் கரடு கரடா மொரம்பு, அதுக்கு கீழ வெள்ளையும் மஞ்சளுமா விபூதி மாதிரி ஒரு மண்ணு. 18 அடியில மேல வந்த பக்கெட்ட அண்ணன்காரர் அப்பா முன்னாடி வெச்சு, "கைய வெச்சு பாருங்க ஸ்வாமி, ஈரம்"னாரு. அப்பா அந்த மண்ண எடுத்து உருட்டி பாத்தாரு, களிமண்ணு மாதிரி உருண்டையா நின்னுச்சு. ஏப்ரல்ல 1,000 அடி போர்ல தண்ணி இல்லாம இருந்த அதே வீட்டுல 18 அடியில ஈரம் இருந்துச்சு. உள்ள இறங்கறவங்க பாதுகாப்புக்கு இடுப்புல கயிறு கட்டணும், மேல எப்பவும் ஒருத்தர் நிக்கணும், மழை நாள்ல வெட்டக்கூடாது, இதுல நீங்களும் பிடிவாதமா இருங்க. கூலியில உறை, ஜல்லி, மூடி, மண்ணு அள்ளற வண்டி எல்லாம் சேருமான்னு முன்னாடியே பேசிடுங்க, மண்ணு வண்டி காசு தான் கடைசில சண்டையா வரும்.

எல்லா வீட்டுக்கும் இந்த கிணறு பொருந்தாது. சைட்ல இன்னும் செப்டிக் டேங்க் இருக்குன்னா வெட்டாதீங்க, 30க்கு 40ல போதுமான தூரமே கிடைக்காது. ஏரிக்கு பக்கத்துல தாழ்வான லேஅவுட், அஞ்சு அடி தோண்டினாலே தண்ணி நிக்குதுன்னா அங்க பூமிக்கு இன்னும் குடிக்க இடம் இல்ல, சம்ப பெரிசு பண்ணுங்க. பில்லர்ல இருந்து எவ்வளவு தள்ளி வெட்டணும்னு இன்ஜினியர கேட்டுடுங்க. வாஷிங் மெஷின் தண்ணி, கார் கழுவின தண்ணி, ரோட்டுத் தண்ணி எதையும் கிணத்துக்குள்ள விடாதீங்க. நேரா போர் குழாய்க்குள்ளயே மழைத்தண்ணிய விடலாம்னு சில பேர் சொல்றாங்க, கேக்காதீங்க, வண்டல் போய் பாறை இடுக்க அடைச்சுட்டா போர் போச்சு, அழுக்கு போனா பக்கத்து வீட்டு போரும் போச்சு.

கிணறு வெட்டின மறு மாசமே போர்ல தண்ணி வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இங்க மேல 50, 60 அடி வரைக்கும் தான் மண்ணு, அதுக்கு கீழ கருங்கல் பாறை, பாறை வெடிப்பு வழியா தண்ணி கீழ இறங்கறது மெதுவா தான் நடக்கும். நீங்க விட்ட தண்ணி உங்க போருக்கே வரும்னும் இல்ல, ரெண்டு வீடு தள்ளி கூட போகலாம். அதனால தான் தெருவுல பத்து வீடு சேந்து செய்யணும்னு நான் வீடு வீடா போய் பேசிக்கிட்டு இருக்கேன். இது வரைக்கும் எங்களோட சேத்து மூணு வீடு. விஜயநகர்ல ஏ.ஆர். சிவகுமார்னு ஒரு விஞ்ஞானி, காவேரி கனெக்ஷனே இல்லாம 20 வருஷத்துக்கும் மேல மழைத்தண்ணியிலயே குடும்பம் நடத்தறாரு, அவ்வளவு தூரம் நம்மால போக முடியலன்னாலும் டேங்கர பாதியா குறைக்கறது கண்டிப்பா முடியற விஷயம். நேர்ல மாதிரி பாக்கணும்னா ஜெயநகர் அஞ்சாவது பிளாக்ல வாட்டர் போர்டோட மழைநீர் பூங்கா இருக்கு, விஸ்வேஸ்வரய்யா பேர்ல. 2009ல வந்த சட்டப்படி புதுசா கட்டற 30க்கு 40 வீட்டுக்கும் பழைய 60க்கு 40 வீட்டுக்கும் இது கட்டாயம், இல்லன்னா பில்லுலயே அபராதம் வரும்.

இந்த தண்ணிய எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்? குளிக்க, துவைக்க, பாத்திரத்துக்கு யோசிக்கவே வேணாம். சமையலுக்கு கொதிக்கற எல்லாத்துக்கும் நாங்க எடுக்கறோம். போர் தண்ணியில நாலு விசில் விட்டும் முழுசு முழுசா நின்ன துவரம்பருப்பு மழைத்தண்ணியில ரெண்டு விசில்ல குழைஞ்சுடுச்சு, உப்பு இல்லாத தண்ணி. அம்மா இத தெருவுல சொன்ன பிறகு தான் அந்த ரெண்டு வீடும் சேந்துச்சு, என் கணக்குக்கு எல்லாம் யாரும் மசியல. நேரா குடிக்காதீங்க, டிரம் ஃபில்டர் கிருமிய எடுக்காது, கொதிக்க வெச்சு குடிங்க.

வாடகை வீட்டுல இருக்கறவங்க ஓனர்கிட்ட மஞ்சள் தண்ணி டெஸ்ட் மட்டுமாவது பண்ண சொல்லுங்க, செலவே இல்ல. குழாய் வாயில ஏரேட்டர் மாட்டுங்க, காத்த கலந்து விட்டு தண்ணி செலவ குறைக்கற சின்ன மூடி அது, கழட்டி எடுத்துக்கிட்டும் போகலாம். ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு வீடு துடைக்க வெச்சுக்கோங்க, ஒரு லிட்டர் குடிக்க கொடுத்தா அத விட அதிகமா கீழ விடற மெஷின் அது.

வருஷா வருஷம் செய்ய வேண்டியது ஏப்ரல்ல, முதல் கோடை மழைக்கு முன்னாடி. மணல வெளிய எடுத்து கழுவி வெயில்ல காய வைங்க, கரிய மாத்துங்க, வண்டல் தொட்டிய அள்ளுங்க, கொசு வலைல ஓட்டை இருக்கான்னு பாருங்க, 2024ல டெங்கு இங்க எவ்வளவு மோசமா இருந்துச்சுன்னு தெரியும். இங்க மழை அதிகம் செப்டம்பர், அக்டோபர்ல, அதனால ஆகஸ்ட் கடைசில இன்னொரு தடவை. கிணத்துல அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு ஒண்ணு கல்லு கட்டி தொங்க விட்டிருக்கோம், பெரிய மழைக்கு மறுநாள் காலைல அப்பா அத தூக்கி எத்தனாவது முடிச்சு வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு காலண்டர்ல அந்த தேதியிலயே எழுதி வைக்கறாரு. தண்ணி ஒரு நாள்ல இறங்கினா கிணறு நல்லா குடிக்குதுன்னு அர்த்தம், நாலு நாள் ஆகியும் நிக்குதுன்னா அடியில வண்டல் ஏறிடுச்சு, அந்த அண்ணன் தம்பிய கூப்பிட்டு தூர் வாரணும்.